ஹார்ட் டிஸ்கில் இருந்த மூக்கு

ஒரு கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் போதும், அந்த வீட்டார் என்ன தின்கிறார்கள், எங்கே உட்கார்ந்து நகம் வெட்டுகிறார்கள், யாருக்கு முடி கொட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். கைரேகை பார்ப்பவன்கூட அவ்வளவு சொல்ல மாட்டான். அவனுக்குக் கை மட்டும்தான் கிடைக்கிறது. எனக்கு மிச்சமெல்லாம் கிடைக்கிறது. தலை நரைத்து, பல் பாதி போய், இன்னும் இதே பிழைப்புதான். குமட்டல் மட்டும் முதல் நாள் வந்த மாதிரியே வருகிறது.

ஒரு வக்கீல் அலுவலகத்தில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தூசி ஒரு பூனை அளவுக்கு உறைந்து கிடந்தது. வால்கூட இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அலுங்காமல் எடுத்து மேசைமேல் வைத்தேன். அந்த அலுவலகத்துப் பெண்கள் சாயங்காலம்வரை அதற்குப் பால் வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் கரப்பான்கள் உள்விசிறியில் ஏறி ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தன. நான் கரண்டை நிறுத்தியதும், தங்கள் முறைக்காக வரிசையில் நின்றவை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மனிதர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நம்பாதவர்களும் படிக்கலாம், இனி வரப்போவதற்குச் சாட்சி இருக்கிறது, என் தங்கை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. பொய்யில் எங்கள் வீட்டுப் பங்கு முழுவதும் எனக்கே வந்துவிட்டது.

அன்று காலை அவள்தான் போன் செய்தாள்.

"அண்ணே, பட்டறை கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு. உடனே வா."

"மாப்பிள்ளை என்ன பண்ணார்?"

"ஏன், அவர் ஏதாவது பண்ணித்தான் ஆகணுமா?"

"ஆமா."

"ஆமா, பண்ணார். வா."

தங்கையின் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. நோயிலோ விபத்திலோ காது போனவர்களுக்குக் காது செய்வாள், மூக்கு போனவர்களுக்கு மூக்கு. சிலிக்கோன் ரப்பரைக் குழைத்து, அவரவர் தோல் நிறத்துக்குச் சாயம் சேர்த்து, மயிர்க்கால் முதற்கொண்டு ஊசியால் குத்தி வைப்பாள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் அசல் எது, அவள் செய்தது எது என்று தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்தெல்லாம் ஆட்களை அனுப்புகிறார்கள். அவள் கணவர், என் மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே பட்டறைக் கணினியின் பொறுப்பைத் தானாக எடுத்துக்கொண்டார். அதிலிருந்துதான் அதற்குப் பிடித்தது சனி.

உள்ளே நுழைந்ததும் பசியில் மேசைமேல் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

"அண்ணே, அது காது!" என்றாள் தங்கை.

காதுதான். நிறம் சரியாக வராமல் ஒதுக்கிய காதுகள், டப்பா நிறைய. ஒன்றிரண்டு என் பக்கம் திரும்பியிருந்தன. மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். பிறகு ஏனோ இன்னொரு தடவை கழுவினேன்.

"விளையாட்டில்ல அண்ணே. கண்ணாடிக்கடை அம்மாவோட மூக்கு இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கு. அது போச்சுன்னா போச்சு."

விஷயம் இதுதான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு மூக்கில் புற்று. ஆபரேஷனில் மூக்கை முழுதாக எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் தங்கை தன் கையடக்க ஸ்கேனரால் அந்த மூக்கைச் சுற்றிச் சுற்றி அளந்து வைத்திருந்தாள். மேடு, பள்ளம், சுருக்கம், துவாரம் எல்லாம் அதில் இருந்தன. ஆஸ்பத்திரியில் எடுத்த படங்கள் எலும்புக்கு எடுத்தவை. தோலின் நெளிவு அதில் கிடையாது. போட்டோவைப் பார்த்துச் செய்தால் மெழுகு பொம்மை மூக்குதான் வரும் என்றாள். ஆக, அந்த அம்மாவின் மூக்கு உலகத்தில் இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அது என் மாப்பிள்ளையின் பராமரிப்பில் இருந்தது.

"அவங்க திரும்பக் கடைக்கு வரணும்னு துடிக்கிறாங்க. தம்பிக்காரன் உள்ரூம்ல உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கச் சொல்றானாம். முன்னாடி உட்கார்ந்தா வர்றவங்க முகம் சுளிக்கிறாங்களாம்" என்றாள் தங்கை. "இன்னிக்கு மத்தியானம் அளவு பார்க்க வர்றாங்க."

மேசைக்குக் கீழே பெட்டி இருந்தது. அதன்மேல் மாப்பிள்ளையின் ரப்பர் செருப்பு ஒன்று இருந்தது. ஒற்றைச் செருப்பு. குதிகால் வைக்கும் இடத்தில் எண்ணெய்க் கறுப்பு.

"இது எதுக்கு மாப்பிள்ளை இங்க?"

"அதுவா மச்சான், பல்லிக்கு."

"பல்லிக்கா?"

"பெட்டிக்குள்ள ஒரு பல்லி குடியிருக்கு. டிக் டிக்குனு கத்தும். அது கத்தினா கம்ப்யூட்டர் நின்னுடும். ஒரு நாள் அதை விரட்டலாம்னு செருப்பால ஓங்கி ஒண்ணு போட்டேன். பல்லி வாயை மூடிடுச்சு, கம்ப்யூட்டரும் ஓட ஆரம்பிச்சிடுச்சு. அதுல இருந்து அப்படித்தான். நம்ம லிஃப்ட்லயும் அதே கதைதானே, ரிலே சுவிட்ச் ஒட்டிக்கும், பேனல்ல ஒரு தட்டு தட்டினா ஏறும்."

"எத்தனை நாளா இந்த வைத்தியம்?"

"நாள்கணக்கா வெச்சுப்பாங்க? ஒரு மழைக்காலம் இருக்கும்."

மேற்கொண்டு கேட்காமல் மேசைக்குக் கீழே குனிந்தேன்.

இயக்கிப் பார்த்தேன். உயிர் வந்தது, முனகியது, பாதி வழியில் திரை முழுக்க நீலமாகி, கீழே ஒரு டிரைவரின் பெயரைக் காட்டிவிட்டுச் செத்தது. மாப்பிள்ளை தொடையில் தட்டினார். "பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல, டிரைவர் கோளாறுன்னு. அதுக்கும் நான் மருந்து போட்டுட்டேன்."

டிரைவர் என்றால் ஒன்றுமில்லை. கணினிக்கும் அதோடு சேர்த்த ஒவ்வொரு கருவிக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் ஒரு சின்ன நிரல். அது ஒழுங்காக இருந்தால் ஸ்கேனர் சொல்வது கணினிக்குப் புரியும். அது உளற ஆரம்பித்தால் இரண்டும் சண்டை போட்டு, கணினி முகத்தை நீலமாக வைத்துக்கொண்டு நின்றுவிடும். இதற்கு மாப்பிள்ளை போட்ட மருந்து, எங்கோ இலவசமாகக் கிடைத்த 'டிரைவர் வைத்தியர்' என்ற ஒரு சரக்கு. அந்த வைத்தியர் உள்ளே வந்ததும் வராததுமாக, எல்லா டிரைவரும் சீக்கில் கிடக்கின்றன என்று அலறி, தன் சொந்தக்காரர்களையெல்லாம் குடிவைத்திருக்கிறார். வீட்டில் இல்லாத பிரிண்டருக்கு டிரைவர். விமானம் ஓட்டிப் பழகும் கைப்பிடிக்கு டிரைவர். ஒரு மின்சாரப் பியானோவுக்கு டிரைவர். ஸ்கேனரின் பழைய டிரைவரைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, அதன் இடத்தில் வேறு ஏதோ ஸ்கேனரின் டிரைவரை உட்கார்த்தியிருந்தார். எச்சில் தட்டில் சாப்பாடு போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அவசியமான டிரைவர்களோடு மட்டும் கணினியை எழுப்பும் ஒரு வழி உண்டு, அதில் எழுப்பினேன். வைத்தியரைக் குடும்பத்தோடு வெளியேற்றினேன். பியானோ மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸ்கேனர் செய்தவர்களே கொடுத்த டிரைவரைத் தேடிப் போட்டேன். இத்தனையும் செய்வதற்குள் அந்தக் கீபோர்டில் என் விரல்கள் பட வேண்டியிருந்ததே, அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் அமுங்கியபின் மேலே வர யோசித்தது. இடைவெளிக் கட்டையை அழுத்தினால் ஈரமாக ஒரு சத்தம் வந்தது. கேட்கவில்லை நான். சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமல் சாவது மேல்.

கணினி நீலமாகாமல் நின்றது. மாப்பிள்ளை என் முதுகில் தட்டினார். "அவ்வளவுதான் மச்சான்! டிரைவர்தான். தங்கச்சி வீட்டுக்கு வந்து ரெண்டு பட்டனைத் தட்டினதுக்கு என்ன முகச்சுளிப்பு!"

தங்கை மூக்கு இருந்த கோப்பைத் திறந்தாள். திரை அப்படியே உறைந்தது. பெட்டிக்குள்ளிருந்து கேட்டது: டிக். டிக். டிக்.

"பல்லி!" என்று மாப்பிள்ளையின் கை செருப்புக்குப் போனது.

"கையை எடுங்க!" என்று கத்தினேன். அந்தப் பட்டறையில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. காதுகளெல்லாம் டப்பாவுக்குள் திரும்பிப் படுத்திருக்கும்.

கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பக்கத்திலேயே சிலிக்கோனை ராவும் இயந்திரம். அதன் தூளெல்லாம் உள்ளே போய், தேநீர் ஆவியில் ஊறி, தோல் நிறத்தில் ஒரு பூச்சாகப் படிந்திருந்தது. பெட்டிக்கே சதை பிடித்திருந்தது. அதில் நகத்துண்டுகள் பதிந்திருந்தன. பிறை பிறையாக. மாப்பிள்ளையின் கால்விரலைப் பார்த்தேன், அளவு ஒத்துப்போனது. பல்லி மட்டும் இல்லை. எந்தப் பல்லிக்கும் சுயமரியாதை என்று ஒன்று இருக்கிறது.

"மாப்பிள்ளை, கத்தினது பல்லி இல்ல. ஹார்ட் டிஸ்க்."

சொன்னேன். டிஸ்குக்குள் கண்ணாடிபோல் வழவழப்பான தட்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதன்மேல், படாமல், ஒரு முள் மிதந்து மிதந்து படிக்கும். டிஸ்க் சாகப்போகும்போது முள்ளுக்கு இடம் தட்டுப்படாது. தேடிப் போகும், கிடைக்காமல் திரும்பி வந்து மோதும். அதுதான் டிக். அது சுழன்றுகொண்டிருக்கும்போது மேலே ஓர் அடி போட்டால் முள் தட்டில் இறங்கிக் கீறும். கீறிய இடத்தில் இருந்தது போச்சு.

"நீங்க ஒரு மழைக்காலம் முழுக்க அந்த அம்மா மூக்கைச் செருப்பால அடிச்சிருக்கீங்க."

மாப்பிள்ளையின் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று தளர்ந்தது. உடனே நிமிர்ந்துகொண்டார். "பயப்படாதீங்க மச்சான். நான் முட்டாள் இல்ல. எல்லாத்துக்கும் பேக்கப் வெச்சிருக்கேன்."

தங்கையின் முகம் மலர்ந்தது. என் முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்திருக்கும்.

"எங்க?"

"D-ல."

"D எங்க இருக்கு?"

"C-க்குப் பக்கத்துல."

ஒரே டிஸ்கை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரே படகில் அசலும் நகலும். நான் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

டிஸ்கைக் கழற்றி, துடைத்து, மறுபடி துடைத்து, என் மடிக்கணினியில் செருகினேன். சாகும் டிஸ்கிடம் சண்டைக்கு நிற்கக் கூடாது. நல்ல இடங்களையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிக் குதித்து, கடைசியில் நிதானமாகத் திரும்பி வந்து கெஞ்ச வேண்டும். அதற்கென்றே ஒரு நிரல் வைத்திருக்கிறேன். திரையில் ஒரு பச்சைப் பட்டை ஊர ஆரம்பித்தது. காதுகள் வந்தன. கண் இமைகள் வந்தன. யாரோ ஒருவரின் கட்டை விரல் வந்தது. மூக்கு வரவில்லை.

மத்தியானம் கண்ணாடிக்கடை அம்மா வந்தார். முகத்தின் நடுவில் வெள்ளைத் துணி. கண்ணாடியை வைக்க இடமில்லாததால் நெற்றியில் பிளாஸ்திரி போட்டு அதில் தொங்கவிட்டிருந்தார். கண்ணாடி விற்கிறவர் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது எனக்கு என்னவோ போலிருந்தது. தங்கை துணியை எடுத்தாள். என் வயிறு என்ன செய்யுமோ என்று பயந்துகொண்டு பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் அந்தக் கீபோர்டைப் பார்த்ததும்தான் மறுபடி புரட்டியது.

தங்கைக்குப் பொய் வராது என்று சொன்னேனே. ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னாள். செருப்பையும் சொன்னாள். அந்த அம்மா மாப்பிள்ளையை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற மூக்கு செய்யலாம்" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு. "நல்ல எடுப்பா, அழகா…"

"எனக்கு அழகான மூக்கு வேணாங்க." காற்று கலந்த குரல். "அது எங்கப்பா மூக்கு. பார்க்கச் சகிக்காது. முழங்கை மாதிரி நடுவுல ஒரு முட்டு, நுனியில ஒரு கத்திரிக்காய். வயசுப் பொண்ணா இருந்தப்ப கண்ணாடியைப் பார்த்தாலே ச்சீன்னு வரும். ஆனா எங்க கடைக்கு வர்றவங்க அந்த மூக்கைப் பார்த்துதான் 'அவர் பொண்ணா நீ'ன்னு உட்காருவாங்க. வேற ஒருத்தி மூக்கை மாட்டிக்கிட்டுப் போனா என் தம்பி சொல்றதுதான் சரி, உள்ரூமே போதும்." என் பக்கம் திரும்பினார். "ஐயா, வருமா?"

"பார்க்கலாம்மா" என்றேன். மருத்துவர்கள் இதைச் சொல்லும்போது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பட்டை மூக்கு இருந்த இடத்துக்கு வந்தது. டிக். டிக். கொஞ்சம் ஊர்ந்தது. டிக். பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி இறங்கி, டிஸ்க் சுழல்வதையே நிறுத்திவிட்டது. கழற்றி மாட்டினேன். சுழலவில்லை. ஆறவிட்டு மாட்டினேன். ஊம் என்று ஒரு முனகல், அவ்வளவுதான். முள் தட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ஃப்ரிட்ஜுல வெச்சா?" என்றார் மாப்பிள்ளை.

"எதுக்கு, கெட்டுப்போகாம இருக்கவா?"

"அப்ப… ஒரே ஒரு தட்டு மச்சான். ரிலே ஒட்டிக்கிட்டா…"

"மாப்பிள்ளை, இன்னொரு தரம் அந்தச் செருப்பைத் தொட்டீங்கன்னா, அதாலயே உங்களை…" தங்கை இருந்ததால் முடிக்கவில்லை. நான் முடிக்கட்டும் என்று அவள் எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது.

நான் டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்த எலியைப் பிடித்திருப்பதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முடிந்துவிட்டது. இதைத் திறந்து பார்க்கத் தூசியில்லாத அறையும் அதற்கென்றே படித்தவர்களும் வேண்டும். அவர்களிடம் அனுப்பலாம் என்றேன். கீறல் விழுந்த தட்டுக்கு அவர்களும் உத்தரவாதம் தர மாட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

கண்ணாடிக்கடை அம்மா எழுந்தார். பெட்டிமேல் இருந்த செருப்பை எடுத்தார்.

"அம்மா, வேணாம்."

"யார் மூக்கு ஐயா அது?"

நான் நகர்ந்து வழி விட்டேன்.

"ஓரமா அடிங்க, மேல வேணாம்" என்றார் மாப்பிள்ளை மெல்ல. அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. டிஸ்கை மடிக்கணினியில் செருகி மேசைமேல் வைத்தேன். அந்த அம்மா செருப்பை ஓங்கினார். ஆபரேஷன், மருந்து, தம்பியின் உள்ரூம், முகம் சுளித்தவர்கள் எல்லாரும் அந்த அடியில் இருந்தார்கள். பளார் என்று விழுந்தது. மேசையிலிருந்த பிஸ்கட் டப்பா கீழே விழுந்து காதுகள் அறை முழுக்கச் சிதறின.

டிஸ்க் சுழன்றது.

பச்சைப் பட்டை நகர்ந்தது. எல்லாரும் திரையை நோக்கிக் குனிந்தோம். கீழே சிதறிக் கிடந்தவையும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. பட்டை கடைசியை நெருங்கும்போது தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி ஒரு கிறீச்சல் கேட்டது, பல் கூசியது. பிறகு டிஸ்க் நிஜமாகவே செத்தது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

தங்கை கோப்பைத் திறந்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு மெதுவாகச் சுழன்றது. முழங்கை முட்டு இருந்தது. கத்திரிக்காய் இருந்தது. வலது துவாரத்தின் ஓரத்தில் மட்டும், எலி கடித்த மாதிரி ஒரு சின்னக் குறை.

"அந்தத் துண்டை நான் போட்டோ பார்த்து அடைச்சிடுவேன்" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டுக் காதுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதுவே எனக்குப் போதுமென்றிருந்தது.

மூக்கு தயாரானதும் நானும் போயிருந்தேன். தங்கை பசை தடவிப் பொருத்தினாள், ஓரங்களை விரலால் நீவிவிட்டாள், கைக்கண்ணாடியை அந்த அம்மாவிடம் கொடுத்தாள். அவர் பார்த்தார். இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மேலே தூக்கித் துவாரத்தைப் பார்த்தார்.

"ச்சீ!" என்றார்.

மாப்பிள்ளைக்கு உயிரே போய்விட்டது. "இல்லம்மா, அந்த முட்டைக் கொஞ்சம் ராவிடலாம், நுனியைக்கூட…"

"ச்சீ, அதே மூக்கு" என்றார் அந்த அம்மா. நெற்றிப் பிளாஸ்திரியைச் சரக்கென்று உரித்தார். கண்ணாடியை எடுத்து மூக்கின்மேல் வைத்தார். அது பழைய இடத்தைத் தேடி, முட்டைத் தாண்டி, சரியாக உட்கார்ந்தது. "எங்கப்பன் அசிங்கம் அப்படியே வந்திருக்கு பாரு." கைக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. தங்கை ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகைகளை எடுத்துப்போய்க் கழுவ ஆரம்பித்தாள்.

அந்த அம்மா இப்போது கடையில் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். தம்பிக்காரன் உள்ரூமில் லென்ஸ் தேய்க்கிறான் என்று கேள்வி.

தங்கைக்குப் புதுக் கணினி வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் நகல் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. முன்பின் தெரியாத மனிதர்களின் மூக்கும் காதும் என் அலமாரியில் துணிகளுக்கு நடுவே இருக்கின்றன. அதை நினைத்தால் சட்டையை எடுக்கவே கூசுகிறது. ஆனாலும் மாப்பிள்ளையிடம் விட்டுவைப்பதற்கு அது தேவலை.

ஒட்டியிருந்த முள்ளை எந்த அதிர்ச்சியும் விடுவித்திருக்கும். அடித்தது நல்லதில்லை, ஏதோ தப்பித்தது. இதை மாப்பிள்ளைக்கு நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறார். போன வாரம் பட்டறைக்குப் போனபோது பார்த்தேன். அந்த ஒற்றைச் செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, கண்ணாடி அலமாரியில் காது டப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். இத்தனை வருஷத்தில் நான் எழுப்பிவிட்ட கணினிகளுக்கு அளவே கிடையாது. என் ஸ்க்ரூடிரைவரை ஒரு பயல் கழுவிக்கூடக் கொடுத்ததில்லை.

குமட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை நீட்டிய தேநீரை வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.